இரண்டு சேர்ந்து ஒன்றாகும் பெட்டி

போன் திரையில் ஒரு பெட்டி. மேலிருந்து ஒவ்வொரு உருவமாக விழுகிறது. ஒரே மாதிரியான இரண்டு தொட்டுக்கொண்டால் இரண்டும் மறைந்து, அந்த இடத்தில் அடுத்த பெரிய உருவம் ஒன்று பிறக்கிறது. குவியல் மேலே உள்ள கோட்டைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. விதி இவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். எழுந்து வர ஒரு மாலை முழுவதும் போதாமல் போகிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் மருதமுனையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் போனுக்குள் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவன் ராத்தாவின், அதாவது அக்காவின், மகன். ஆகஸ்ட் விடுமுறை, கச்சான் காற்று அடிக்கிற பகல், வெளியே மணல் கொதிக்கிறது, பிள்ளைகள் யாரும் கடற்கரைப் பக்கம் போகவில்லை. “சாச்சி, ஒருமுறை விளையாடிப் பாருங்கள்” என்று கையில் தந்தான். அன்றிலிருந்து இந்த விளையாட்டை நான் விளையாடுகிறேன் என்பதைவிட, ஏன் இது பிடித்துக்கொள்கிறது என்று யோசித்தபடி விளையாடுகிறேன் என்பதே பொருத்தம்.

அதில் விழுபவை சாதாரணப் படங்கள் இல்லை. 2025 ஆரம்பத்தில் டிக்டாக்கில் கிளம்பி உலகம் முழுவதும் பரவிய ‘இத்தாலியன் பிரெயின்ராட்’ மீம் உருவங்கள். செயற்கை நுண்ணறிவால் வரையப்பட்ட விசித்திரப் பிராணிகள். மூன்று காலில் நீலச் சப்பாத்து மாட்டிய சுறா, அதன் பெயர் திரலலேரோ திரலலா. தலை கோப்பையாகவும் உடல் நடனமாடும் பெண்ணாகவும் இருப்பவள் பாலரீனா கப்புச்சீனா. கையில் மட்டையுடன் நிற்கும் மரக்கட்டை, துங் துங் துங் சஹுர். பாதி முதலை, பாதி போர் விமானமாக ஒன்று, பொம்பர்டீரோ குரோக்கொடீலோ. கல்முனையில் பஸ் ஏறி அம்பாறை வரை போனால், வழியில் ஏறும் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை எல்லோருக்கும் இந்தப் பெயர்கள் மனப்பாடம். நாம் பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கணக்காக முயன்றும் அவர்களுக்குள் பொதுவாக ஒரு பாட்டுக்கூட வைக்க முடியவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் பிடித்துக்கொள்வது இந்த முகங்களா? முதலில் நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒவ்வொரு படியிலும் அடுத்த முகம் யார் என்று பார்க்கும் ஆவல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஏணியின் மேல்படிகள் கறுப்பு நிழலாக மறைந்திருக்கின்றன. அதில் யார் ஒளிந்திருக்கிறார் என்று காண்பதற்காகவே முதல் சில ஆட்டங்கள் போய்விடுகின்றன. அந்த ஆவல் எல்லா முகங்களையும் பார்த்து முடித்ததும் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. முகம் பழகிய பிறகும் விரல் அங்கேயே போகிறது என்றால், காரணம் முகத்தில் இல்லை, சேர்வதில் இருக்கிறது.

சேரும்போது என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். பெட்டியின் இடது மூலையில் ஒரு பெரிய முதலை கிடக்கிறது. அதற்கு இரண்டு விரல் தள்ளி இன்னொரு முதலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னஞ்சிறு உருவம் சிக்கிக்கொண்டு இரண்டையும் சேரவிடாமல் தாங்குகிறது. குவியல் கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மேலே அடுத்து விழக் காத்திருப்பது அதே சின்ன உருவம். விரலை மெல்ல நகர்த்தி அந்த இடுக்குக்கு நேராக விடுகிறேன். அது விழுந்து தன் ஜோடியைத் தொடுகிறது. இரண்டும் ஒன்றாகி, பிறந்த உருவம் பக்கத்தில் கிடந்த தன் இனத்தோடு ஒட்டுகிறது. நடுவில் இடம் விடுபட்டதும் முதலைகள் இரண்டும் உருண்டு வந்து முட்டுகின்றன. பெட்டி முழுவதும் ஒருமுறை குலுங்கி அடங்குகிறது. நிரம்பி வழிந்த இடத்தில் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தளர்கிறது.

அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். பெரிய உருவம் கிடைப்பதைவிட இடம் கிடைப்பதுதான் இன்பம். குசினியில் பாதி அரிசியுள்ள இரண்டு டின்களை ஒன்றாக்கி, ஒரு டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது வரும் நிறைவு அது. எதையும் இழக்கவில்லை, ஆனாலும் மூச்சுவிட இடம் வந்துவிட்டது. வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்து, திருத்த வேண்டிய கொப்பிகள் மேசையில் உயர்ந்துகொண்டே இருக்கும் ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படி வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வாழ்க்கையில் கடமைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சிறிதாவதில்லை. இந்தப் பெட்டியில் ஆகின்றன.

இன்னொன்று, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்திருக்கும் அளவு. மேலிருந்து விழுவது சின்ன வகைகள் மட்டுமே, அதில் எது என்பது நம் கையில் இல்லை. எங்கே விடுவது என்பது முழுக்க நம் கையில். அடுத்து வருவது எது என்று மூலையில் காட்டிவிடுகிறார்கள். அதற்கு அடுத்ததைக் காட்டுவதில்லை. புறாக்களை வைத்து ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி கிடைப்பதைவிட எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே கிடைக்கும்போதுதான் பறவை விடாமல் கொத்திக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். சங்கிலியாகச் சேரும் அந்தத் தருணமும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தோற்றாலோ பழியைப் போட வேறு ஆள் இல்லை. அந்த ஒன்றை வலது பக்கம் விட்டிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. அந்த ‘விட்டிருக்கலாமே’ என்ற எண்ணம்தான் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கவைக்கிறது.

இதை அறிந்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தோற்ற மறுகணம் ‘தொடர வேண்டுமா, ஒரு விளம்பரம் பாருங்கள்’ என்று கேட்பது அவர்கள்தான். நல்ல விளையாட்டுக்குள் அந்த வாசலைத் திறந்து வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. தோல்வி என்பது ஒரு முடிவு. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம் என்ற அனுமதி அது. அதையும் விலைபேசிவிட்டால் பிள்ளைக்கு எழும்பும் இடமே இல்லாமல் போகிறது. எங்கள் வீட்டில் டேட்டாவை நிறுத்திவிட்டுத்தான் விளையாடுகிறோம். விளம்பரம் வருவதில்லை, தோற்றால் தோற்றதுதான்.

இந்த விளையாட்டின் வம்சாவளி சுவையானது. 2014 பெப்ரவரியில் ‘திரீஸ்’ என்ற எண் விளையாட்டு வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் ஓராண்டுக்கும் மேலாக அதற்காக உழைத்தார்கள். அடுத்த மாதமே இத்தாலியைச் சேர்ந்த 19 வயது இளைஞர் கப்ரியேலே சிருல்லி, ஒரே எண்ணுள்ள இரண்டு கட்டைகள் சேர்ந்து இரட்டிப்பாகும் ‘2048’ஐ ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாக வெளியிட்டார். நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் ஆளாளுக்கு எண்களை எடுத்துவிட்டுத் தமக்குப் பிடித்த படங்களை வைத்தார்கள். ‘டோஜ்’ மீமில் வரும் ஜப்பானிய நாயின் படங்களை வைத்ததும் அப்போதே வந்துவிட்டது. ஆகவே மீமும் இணைப்பு விளையாட்டும் சேர்ந்தது இன்று நேற்றல்ல. பெட்டிக்குள் உருண்டு விழும் வகைக்கு மூலம் 2021 தொடக்கத்தில் சீனாவில் பரவிய ஒரு பழ விளையாட்டு. அதே ஆண்டில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அதைப் பின்பற்றிச் ‘சுய்கா’வை உருவாக்கியது. 2023இல்தான் அது உலகமெங்கும் பிடித்துக்கொண்டது. அதில் செரிப்பழத்தில் தொடங்கி வத்தகப்பழம் வரை பதினொரு படிகள்.

பதினொரு படி என்றதும் கணித ஆசிரியைக்குக் கை சும்மா இருக்குமா? செரி ஒன்றிலிருந்தே எல்லாம் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், பதினொராவது படியில் இருக்கும் ஒரு வத்தகப்பழத்துக்கு எத்தனை செரி வேண்டும்? பத்து முறை இரட்டிக்க வேண்டும். அடி 2, சுட்டி 10. விடை 1024. ‘2048’ விளையாட்டில் 2 என்ற கட்டையை மட்டும் வைத்து 2048ஐ அடைவதற்கும் 1024 கட்டைகள்தான் வேண்டும். எண்ணானாலும் பழமானாலும் ஏணி ஒன்றே. ஏழாம் படியில் இருக்கும்போது பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிட்டோம் என்று கண் சொல்கிறது. கணக்கோ 64 செரிதான் ஆகியிருக்கிறது, இன்னும் 960 பாக்கி என்கிறது. சுட்டிகள் பாடத்தில் வேகமாகப் பெருகுவது என்றால் என்னவென்று கரும்பலகையில் எவ்வளவு எழுதியும் விளங்காத பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி விளங்கிற்று.

மீமைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று மகிழ்ச்சியானது. துங் துங் துங் சஹுர் என்ற மரக்கட்டை இந்தோனேசியாவிலிருந்து வந்தவன். நோன்பு மாதத்தில் ஸஹர் என்னும் விடியலுக்கு முந்திய சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்களை எழுப்ப அங்கே தட்டும் மரக்கட்டை வாத்தியத்தின் உருவம் அவன். ஸஹருக்கு மூன்று முறை கூப்பிட்டும் எழும்பாதவர் வீட்டுக்கு அவன் வந்துவிடுவான் என்பது கதை. ராத்தாவின் மகன் அதை ஒரு பேய்க் கதையாகத்தான் அறிந்திருந்தான். உம்மா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, தன் சிறு வயதில் பாவா ஒருவர் றபான் தட்டிப் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்து எழுப்பியதைச் சொன்னார். விளக்கு வெளிச்சம் வேலி ஓலைகளுக்குள்ளால் அசைந்து வரும், அதைப் பார்க்கவே பிள்ளைகள் முந்தி எழும்புவார்களாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மட்டும் ஸஹர் அறிவிப்பைக் கேட்டு வளர்ந்த பையன் கேள்விமேல் கேள்வி கேட்டான். உம்மா அவ்வளவு நேரம் அவனுடன் பேசி நான் பார்த்ததில்லை.

மற்றது கசப்பானது, ஆனால் பெற்றோர் அறிய வேண்டியது. இந்த உருவங்கள் முதலில் பரவிய வீடியோக்களில் இத்தாலிய மொழியில் ஒரு குரல் ஓடும். பிள்ளைகள் பொருள் தெரியாமல் அதை ராகத்தோடு ஒப்புவிக்கிறார்கள். திரலலேரோ வசனத்தில் இறைவனையும் அல்லாஹ்வின் பெயரையும் இழித்துப் பேசும் வசை இருக்கிறது. முதலை விமானத்தின் வசனத்தில், அது காஸாவிலும் பலஸ்தீனத்திலும் சிறுவர்கள் மீது குண்டு போடுகிறது என்று வருகிறது. விளையாட்டில் அந்தக் குரல் இல்லை, பெயரும் படமும் மட்டும்தான். ஆனாலும் பொருளை அறிந்த பிறகு அந்த முதலையை விரலால் நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. போர் முடிந்து நெடுங்காலம் ஆகவில்லை எங்கள் மாவட்டத்தில். வானத்திலிருந்து குண்டு விழுவதை இங்கே யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

ராத்தாவின் மகனை உட்கார வைத்து இரண்டு வசனத்தின் பொருளையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியென்றால் படத்தை மாற்றிவிடலாம் சாச்சி, விளையாட்டை ஏன் விட வேண்டும்?” என்றான். நான் இத்தனை நாளாக யோசித்துச் சேர்ந்த இடத்துக்கு அவன் ஒரே எட்டில் வந்துவிட்டான். பழ விளையாட்டை இறக்கிக் கொடுத்தேன். அதே பெட்டி, அதே உருளல், அதே குலுக்கல். அவனும் அதே அளவுக்குத்தான் மூழ்கினான். மீம் ஒரு வாசல், அவ்வளவே.

இப்போது அவன் பழத்தையும் ஒதுக்கிவிட்டுச் சொந்தமாக ஒன்று வரைகிறான். எங்கள் கரையில் இழுக்கும் மீன்கள். முதற்படி நெத்தலி, அடுத்து சாளை, பிறகு கும்பளா, பாரை, சூரை, அறக்குளா என்று ஏறுகிறது. மீன் நீளமானது, பெட்டிக்குள் உருளாது என்பதால் ஒவ்வொன்றையும் வாலை மடக்கி வட்டத்துக்குள் வரைகிறான். பாரையில் சிறியதும் உண்டு, ஆளுயரத்துக்கு வளர்வதும் உண்டு, அதை எந்தப் படியில் வைப்பது என்று கடலுக்குப் போகும் பக்கத்து வீட்டு மாமாவோடு தினமும் வழக்கு. கடைசிப் படிக்குத் திமிங்கிலம் என்றான். அது மீனே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுப்பது என்று மாமா மறுத்துவிட்டார். மீன்களிலேயே மிகப் பெரியது திமிங்கிலச் சுறா என்று பாடப்புத்தகத்தைக் காட்டி நான் தீர்ப்புச் சொன்னேன். அதை மட்டும் இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பாடசாலையில் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ‘ஸ்கிராட்ச்’ மென்பொருள் படிக்கிறான், அதிலேயே செய்துவிடலாம் என்கிறான். உருண்டு முட்டும் அசைவை அதில் கொண்டுவருவது அவன் வயதுக்குக் கடினம். ஆகவே முதலில் ‘2048’ போல நான்குக்கு நான்கு கட்டங்கள் போட்டு, அம்புக்குறி விசையை அழுத்தினால் மீன்கள் ஒரு பக்கமாகச் சறுக்கிச் சேரும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன். கட்டங்களை நான் கொப்பியில் கீறிக் கொடுத்துவிட்டேன். அறக்குளாவுக்குச் செதில் வரைவதில் அவன் இன்னும் திருப்தி அடையவில்லை.