போட்டுக்கு பெரிய ஆல்டர்நேட்டர் – காசிமேடு நாட்குறிப்பு

மே 19

மீன்பிடி தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு, அதுக்குள்ள போட்டோட கரண்ட் வேலைய முடிச்சே ஆகணும்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். போன சீசன்ல ராத்திரி நாலு டெக் லைட்டு, ஜிபிஎஸ், ஆழம் பாக்குற எக்கோ சவுண்டர், விஹெச்எஃப் ரேடியோ எல்லாம் ஓடும், விடியறதுக்குள்ள பேட்டரி படுத்துடும், காலையில இஞ்சின் ஸ்டார்ட் ஆகுமான்னு எல்லாரும் சாமிய கும்பிட வேண்டியதாயிடுச்சு. லைட்டு ஒண்ணு 100 வாட்டு, 12 வோல்ட்டுல நாலுக்கும் 33 ஆம்பியர், மத்ததும் சேத்தா 40. பழைய டைனமோ (ஆல்டர்நேட்டரத்தான் நாங்க அப்படி சொல்றோம்) மேல 65 ஆம்பியர்னு போட்டிருக்கு, ஆனா கடல்ல கரண்ட அளக்குற கிளாம்ப் மீட்டர் வெச்சு பாத்தப்போ இஞ்சின் சூடான பிறகு வலை இழுக்குற வேகத்துல 30 தாண்டல. மிச்சம் பேட்டரியிலேர்ந்துதான் போயிருக்கு.

மே 23

செம்புதாஸ் தெரு, மண்ணடி, அப்படியே புதுப்பேட்டை வரைக்கும் சுத்தினேன். எல்லாரும் 200 ஆம்பியர்னு லேபிள காட்டுறாங்க. அந்த நம்பர் டைனமோ சில்லுனு இருக்கும்போது, வேகமா சுத்தும்போது வர்றது. நம்ம இஞ்சின் வலை இழுக்கும்போது 1400 ஆர்பிஎம்தான், புல்லி வெச்சு ஏத்தினா டைனமோ 3500 சுத்தும், இஞ்சின் ரூம்ல நிக்கவே முடியாத சூடு. அதனால கடைக்காரர்கிட்ட நான் கேட்டது ஒண்ணுதான், "அண்ணே, 3500 சுத்துல, நல்லா சூடான பிறகு எவ்ளோ குடுக்கும்?" எத்தன சுத்துக்கு எவ்ளோ ஆம்பியர்னு போட்ட அந்த கர்வ் பேப்பர எடுத்து காட்டினவர்கிட்டதான் வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

மே 24

எவ்ளோ வேணும்ங்கறத பேட்டரிதான் சொல்லணும். நம்மகிட்ட 150 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ரெண்டு, மொத்தம் 300. சாதா லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது அதுல கால்வாசி ஆம்பியர்தான் வாங்கும், 75 வெச்சுக்கலாம், ஓடுற லோடு 40, ஆக 115. சூட்டுல கொறையும்ங்கறதால லேபிள்ல 150 போட்ட பெரிய பாடி போதும். 200 போட்டாலும் எடுத்துக்க ஆள் இல்ல. லித்தியம் போட்டா நிலைமை வேற, அது குடுக்குறத எல்லாம் வாங்கிக்கும், டைனமோவே சூட்டுல வெந்துடும்.

மே 30

மேஸ்திரி பாத்த உடனே, "இம்மாம் பெருசு இன்னாத்துக்குடா, பெல்ட்டு தாங்குமா?"ன்னாரு. சரியான கேள்வி. 115 ஆம்பியர் எடுக்க இஞ்சின்லேர்ந்து நாலு ஹெச்பி கிட்ட போகுது, ஒத்த வி பெல்ட்டு வழுக்கி கருப்பு தூளா கொட்டிடும். ராயபுரம் லேத்துல ரெட்டைப் பள்ளம் புல்லி கடைய சொன்னோம், இஞ்சின் பக்கம் 150 எம்எம், டைனமோ பக்கம் 60, அப்போ ஒண்ணுக்கு ரெண்டரை, அந்த 3500 அப்படித்தான் வருது. பெல்ட்டு ரெண்டும் ஒரே லாட்டுல வாங்கணும், இல்லன்னா ஒண்ணு இழுக்கும் இன்னொண்ணு தொங்கும்.

ஜூன் 5

மவுன்ட் வெச்சு புல்லிங்க நேரா இருக்கான்னு இரும்புப் பட்டி வெச்சு பாத்தோம். கேபிளுக்குதான் சித்தப்பா முகம் சுளிச்சாரு, 70 ஸ்கொயர் எம்எம் ஈயம் பூசின செம்பு வெல கூடத்தான். ஆனா போக வர 8 மீட்டர், பழைய 25 ஸ்கொயர் எம்எம் கேபிள்ல 110 ஆம்பியர் போனா 0.6 வோல்ட் வழியிலேயே தொலஞ்சிடும், டைனமோ 14.4 குடுத்தாலும் பேட்டரிக்கு 13.8தான், எத்தன மணி நேரம் ஓடினாலும் ஃபுல் ஆகாது. இத சொன்ன பிறகு பேசாம பணத்த எடுத்து குடுத்தாரு. பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸும் போட்டாச்சு.

ஜூன் 9

டைனமோ குடுக்குற வோல்ட்ட கட்டுப்படுத்துற வெளி ரெகுலேட்டர் மாட்டினோம், டைனமோ முதுகுல சூடு பாக்குற ஒரு சென்சார், பேட்டரி மேல ஒண்ணு. பேட்டரி 40 டிகிரிக்கு போனா வோல்ட்ட 14.1 கிட்ட எறக்கிடும், நம்ம ஊர் வெயிலுக்கு இது இல்லாம பேட்டரி கொதிச்சே செத்துடும். கட்டுன இடத்துலயே ஓட்டிப் பாத்தோம், 1400ல மொதல்ல 112 ஆம்பியர், அரை மணி கழிச்சு 88, பாடி சூடு 96 டிகிரி. வெளிக்காத்து வர்ற மாதிரி ஒரு ஹோஸ டைனமோ பின்னாடி விட்டதும் 84க்கு எறங்கிச்சு, ஆம்பியரும் 95க்கு ஏறிச்சு. மனசு நெறஞ்சிடுச்சு.

ஜூன் 12

பேட்டரி கட்ஆஃப் ஸ்விட்ச் மேல செவப்பு பெயின்ட்ல "இஞ்சின் ஓடும்போது அணைக்காதே"ன்னு பெருசா எழுதிட்டேன், ஓடுறப்போ பேட்டரி கழண்டா வோல்ட் எகிறி டைனமோ உள்ள இருக்குற டயோடு ஒரே நொடியில போயிடும், புதுசா வர்ற பசங்களுக்கு இது தெரியாது. ஸ்பேர் பெல்ட்டு ஒரு ஜோடி இஞ்சின் ரூம்ல மாட்டியாச்சு. மொத நாள் ஓடினதும் பெல்ட்டு கொஞ்சம் நீளும், திரும்ப டைட் வைக்கணும்னு டிரைவர்கிட்ட சொல்லியிருக்கேன். நாளைக்கு டீசல் போடணும், ஐஸ் ஏத்தணும்.