300 குதிரைக்கு ஒரு பிளாக்: பட்டறை நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

மேற்குக் கடற்கரைக்கு நேற்று தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூலை 31 வரை குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் விசைப்படகுகள் கரையில்தான். நாகர்கோவில் லேத் பட்டறைகளுக்கு இதுதான் சீசன். கிராங்க், ஹெட், லைனர் என்று வாசல்வரை ஜாப் அடுக்கியிருக்கும் நேரத்தில் மார்த்தாண்டத்துத் தம்பியின் கார் எஞ்சின் மினி லாரியில் வந்து இறங்கியது.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004-ல் நம் நாட்டுக்கு வந்த மாடல். 1781 சிசி, நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, டர்போ. கம்பெனி கொடுத்தது 150 குதிரைத்திறன், தம்பி கேட்பது 300. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக. வளைகுடாவில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஃபோர்ஜ்டு பிஸ்டன், புது கனெக்டிங் ராடு, ஸ்டட் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்துக் காட்டியது பெரிய டர்போவை.

"அண்ணே, பவர் எல்லாம் இதுலதானே இருக்கு?"

"தம்பி, அது காத்தத் தள்ளும். அந்தக் காத்துல நடக்குற வெடியத் தாங்க வேண்டியது இந்த சிலிண்டர் பிளாக்கோட இரும்பு. மொதல்ல இதப் பாப்போம்."

டர்போவை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இந்த மாதிரி எஞ்சின் என்றால் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கொண்டு போவதுதான் வழக்கம். கடலுக்குள் கரை தெரியாத தூரத்தில் நிற்காமல் ஓட வேண்டிய எஞ்சின்களுக்கு வேலை செய்கிற ஊர் இது. இங்கே இருக்கும் கைகளுக்கு இந்த வேலையும் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் சீசன் நேரத்திலும் ஒத்துக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

பிரித்தாயிற்று. கிராங்க் தண்டைப் பிளாக்கோடு பிடித்து நிறுத்தும் மெயின் கேப் ஐந்துக்கும் எண் குத்தி, எந்தப் பக்கம் முன்பக்கம் என்றும் குறித்த பிறகுதான் கழற்ற விட்டேன். தங்கை மகன் என்னிடம் தொழில் பழகுகிறான். அவன் கையில் வேகம் அதிகம். "குறி போட்டியா மக்களே?" என்று ஒவ்வொரு கேப்புக்கும் கேட்டேன்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் பழைய ராடைக் கையில் எடுத்தாலே தெரியும், மெலிந்தது. இந்த எஞ்சினில் முறுக்கு ஏறும்போது முதலில் வளைவது இதுதான். புது ராடு அவசியமான செலவு, அதில் எனக்கு மறுபேச்சில்லை.

ஆயில் கேலரி (பிளாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழி) பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் இறக்கினோம். பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம், அது காஸ்டிக் பக்கமே போகக் கூடாது, தின்றுவிடும். இதன் எக்ஸாஸ்ட் வால்வுக்குள் சோடியம் இருக்கிறது. சூட்டைத் தலையிலிருந்து தண்டுக்குக் கடத்துவதற்காக வைத்தது. பழைய வால்வை அறுத்தாலோ உடைத்தாலோ, சோடியம் தண்ணீர் பட்டதும் பற்றும். பழைய இரும்போடு சேர்க்காமல் தனி டப்பாவில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

பிளாக்கிலும் கிராங்கிலும் காந்தம் வைத்து விரிசல் பார்த்தோம். சுத்தம். போர் (சிலிண்டர் உள்துளை) தேய்மானம் அதிகமில்லை. 81-லிருந்து 81.5 மி.மீ.க்குப் போனால் எல்லாம் எடுபட்டுவிடும். 83 வரைக்கும் பிஸ்டன் கிடைக்கும், 1870 சிசி ஆகும், ஏன் போகக் கூடாது என்று தம்பி போனில் கேட்டார். 81.5-ல் கிடைப்பது 1803 சிசி. கூட வரும் 67 சிசிக்காகச் சுவரில் பக்கத்துக்கு முக்கால் மில்லி இரும்பை இழக்க நான் சம்மதிக்க மாட்டேன். சிசி கூட்ட வேண்டிய அவசியம் டர்போ எஞ்சினுக்கு இல்லை. சுவர் தடிமன்தான் வேண்டும்.

மெயின் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டு இறுக்கி அளந்தபோது, பேரிங் உட்காரும் வட்டம் இரண்டாவது, நான்காவது கேப்பில் வட்டமாக இல்லை. இது எதிர்பார்த்ததுதான். ஸ்டட் இழுக்கும் இழுப்பு வேறு. கேப் முகத்தில் துளி எடுத்து, லைன் போரிங் பாரை (ஐந்து வட்டத்தையும் ஒரே நேர்கோட்டில் வெட்டும் தண்டு) விட்டுச் சரிசெய்தேன். எடுப்பதைக் கேப் பக்கமே எடுக்க வேண்டும். பிளாக் பக்கம் வெட்டினால் கிராங்க் மேலே ஏறிவிடும்.

வரிசை முக்கியம். முதலில் மெயின் லைன். அந்த லைனுக்கு இணையாக பிளாக் மேல்முகம். அந்த முகத்துக்குச் செங்குத்தாக போர். மெயினைப் பார்க்காமல் நேரே போர் பண்ணிவிட்டால், பிறகு மேலே எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் சாய்வு சாய்வுதான்.

ஜூன் 17, செவ்வாய்

டார்க் பிளேட் செய்யும் வேலை. இதற்குத்தான் மனசு முழுவதும்.

ஹெட்டை இறுக்கும்போது பத்து போல்ட்டும் பிளாக்கின் இரும்பை மேலே இழுக்கும். அந்த இழுப்பில் சிலிண்டரின் மேல்பகுதி உருண்டை மாறும். வெறும் பிளாக்கில் சரியாக வட்டம் பண்ணி வைத்தால், ஹெட் ஏறியதும் அது வட்டமாக இருக்காது. பிஸ்டன் ரிங் சுவரோடு ஒட்டாத இடத்தில் அழுத்தம் கீழே போகும், ஆயில் மேலே வரும். 150 குதிரையில் இது பெரிதாகத் தெரியாது. 300-ல் தெரியும். அதனால் ஹெட்டுக்குப் பதில் தடித்த இரும்புப் பலகையை அதே கேஸ்கெட், அதே ஸ்டட், அதே முறுக்கில் இறுக்கி, பிளாக் கோணிய நிலையிலேயே ஹோன் பண்ண (கல்லால் போரைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர) வேண்டும். பிறகு நிஜ ஹெட் ஏறும்போது போர் தானாக வட்டத்துக்கு வரும்.

50 மி.மீ. இரும்புத் தகடு எடுத்து, ஹோனிங் கல் போய்வர 85 மி.மீ. துளை நான்கு, ஸ்டட் துளை பத்து. இரண்டு முகமும் சர்ஃபேஸ் கிரைண்டரில். பிசிறு எடுத்து ஓரம் தட்டியபோது இருட்டிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

பலகையைப் பூட்டிப் பார்த்தோம். முதலில் பலகை இல்லாமல் இரண்டாவது சிலிண்டரில் போர் கேஜை (உள்விட்டம் அளக்கும் முள் கருவி) இறக்கி, மேலிருந்து கொஞ்சம் கீழே முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். கேஜை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, நான் ஸ்டட் நட்டை நடுவிலிருந்து வெளியே வரிசையாக, மூன்று சுற்றாக இறுக்கினேன். முதல் சுற்றில் முள் அசையவில்லை. இரண்டாவதில் நகர்ந்தது. மூன்றாவது முடிந்ததும் 15 மைக்ரான், அதாவது 0.015 மி.மீ. கேஜை 90 பாகை திருப்பினால் முள் எதிர்ப்பக்கம் போகிறது.

"மாமா, இவ்வளவு கெட்டி இரும்பு, எப்படி மாமா அசையுது?" என்று இன்னொரு தடவை கழற்றி இறுக்கச் சொன்னான். செய்தேன். திரும்பவும் அதே 15. அவன் நோட்டில் அவனே எழுதிக்கொண்டான். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட முள் நகர்வதைப் பார்த்தவன் மறக்க மாட்டான்.

ஜூன் 25, புதன்

போரிங் முடிந்தது. கடைசி அளவு 81.50. போரிங்கை 81.40-லேயே நிறுத்திவிட்டேன். வெட்டும் டூல் இரும்பின் மேல்தோலைக் கிழித்துத்தான் போகும். அந்தக் கிழிந்த தோலை எடுக்க ஹோனுக்குப் பத்தில் ஒரு மில்லி விட வேண்டும்.

கரண்ட் பயத்தில் காலை ஆறு மணிக்கே தொடங்கினோம். கடைசி வெட்டின் நடுவில் கரண்ட் போனால் டூல் நின்ற இடத்தில் ஒரு வளையம் விழும். இன்று போகவில்லை, நல்ல காலம்.

ஜூன் 27, வெள்ளி

ஹோனிங். முந்தாநாள் இரவே பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர், கேஜைச் சரிபார்க்கும் செட்டிங் ரிங் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அளவுத் தாள்கள் எல்லாம் 20 டிகிரிக்குத்தான். நம் பட்டறையில் சாரல் பெய்யும் நாளிலும் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். வார்ப்பிரும்பு 81 மி.மீ. அளவில் பத்து டிகிரிக்கு 9 மைக்ரான் வளரும். இந்த பிஸ்டன் அலுமினியம் அதைப்போல இரண்டு பங்கு, 18 மைக்ரான். ஆகவே இங்கே இரண்டையும் அளந்து கழித்தால் இடைவெளி தாளில் உள்ளதைவிட 9 மைக்ரான் குறைவாகக் காட்டும். பிஸ்டன் கம்பெனி கேட்பது 0.08 மி.மீ. நம் சூட்டில் 0.071 வந்தால் அதுதான் சரியான 0.08. இதை யோசிக்காமல் இங்கே 0.08 வைத்தால் எஞ்சின் குளிரில் பிஸ்டன் தட்டும். கையில் பிடித்துக்கொண்டே பிஸ்டனை அளப்பதும் கூடாது. கைச்சூடே சில மைக்ரான் தின்னும்.

பலகையைப் பூட்டி, முரட்டுக் கல்லில் தொடங்கி, அப்புறம் 280 நம்பர் கல், கடைசியில் 400-ல் சில இழுப்பு. குறுக்குக்கோடு சுமார் 45 பாகையில் விழுந்திருக்கிறது. ஹோன் எண்ணெய் நிற்காமல் ஓட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் ஆறிய பிறகு அளந்து, மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் இரண்டு திசையிலும் நோட்டில் எழுதினான் மருமகன். நான்கு சிலிண்டரிலும் வித்தியாசம் 5 மைக்ரானுக்குள்.

முடிந்த உடனே துடைத்து எண்ணெய் பூசினோம். கடற்காற்றும் சாரலும் சேர்ந்த ஊரில், புதிதாகத் தேய்த்த இரும்பை வெறுமையாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது காவி ஏறியிருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

இந்த வாரம் முழுக்கப் படகு வேலை. குளச்சல்காரர் வந்து நின்றார்: "அண்ணாச்சி, 31 ராத்திரி கடல்ல எறங்கணும், ஏமாத்திராதீங்க." அவர் கிராங்க் கிரைண்டிங் முடித்துக் கொடுத்தேன். தம்பி பொறுத்துக்கொள்வார். கடன் வாங்கிய படகு பொறுக்காது.

ஜூலை 9, புதன்

கோயம்புத்தூருக்கு பேலன்சிங் அனுப்பிய கிராங்க், பிளைவீல், கிளட்ச் தட்டு திரும்பி வந்தன. ராடுகளைச் சிறு முனை, பெரிய முனை என்று தனித்தனியே எடை பார்த்து ஒரு கிராமுக்குள் இங்கேயே கொண்டுவந்துவிட்டோம்.

பேரிங் இடைவெளி: தண்டு விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்னும் செல்லும். கிராங்க் பின் 47.8 மி.மீ., அதற்கு 0.048. மெயின் 54, அதற்கு 0.054. பேரிங்கை வைத்து, கேப்பை முழு முறுக்கில் இறுக்கி, போர் கேஜில் அளந்தேன். மூன்றாவது மெயின் மட்டும் கொஞ்சம் இறுக்கம். வேறொரு பேரிங் ஷெல் மாற்றிப் போட்டதும் சரியாக வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ஹெட். இதற்கு முன்னால் ஏதோ ஒரு பட்டறையில் இதை ஃபேஸ் பண்ணியிருக்கிறார்கள். முகத்தில் கட்டர் போன தடம் விரலுக்கே தட்டுகிறது. அடுக்குத்தகடு கேஸ்கெட்டுக்கு அந்த முகம் ஆகாது. மெல்லியதாக ஒரே ஒரு எடுப்பு எடுத்து வழவழப்பாக்கினோம். இருபது வால்வு சீட்டும் மூன்று கோணத்தில் வெட்டினோம். எக்ஸாஸ்ட் வால்வு எட்டும் புதிது. வால்வு கைடு ஆட்டம் பார்த்தாயிற்று.

ஜூலை 18, வெள்ளி

கழுவும் நாள். ஹோன் கல்லின் துகள் குறுக்குக்கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதை எடுக்காது, எண்ணெயை மட்டும் எடுத்துத் துகளை அங்கேயே விட்டுவிடும். சுடுதண்ணீர், சோப்புத்தூள், பிரஷ். கேலரி ஒவ்வொன்றுக்கும் நீண்ட பிரஷ். அப்புறம் காற்று. அப்புறம் வெள்ளை வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டு போரைத் துடைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் வந்தது. திரும்பக் கழுவினோம். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை மருமகனை விடவில்லை. முகம் சுளித்தான், ஆனால் செய்தான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கன்னியாகுமரியில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு மருமகன் பத்து மணிக்கு வந்தான். அம்மியும் பறக்கும் ஆடிக் காற்று. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அசெம்பிளிக்கு உட்கார்ந்தோம்.

ரிங் வாய் இடைவெளி முதல் ரிங்குக்கு 0.45, இரண்டாவதுக்கு 0.50. சாதா எஞ்சினுக்கு இது அதிகம் என்று தோன்றும். டர்போ சூட்டில் ரிங் வளர்ந்து இரு முனையும் முட்டினால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவில் உள்ள வரப்பே உடைந்துவிடும். அரத்தை வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் ஓட்டி, முனைப் பிசிறைக் கல்லில் தடவி, ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டரில் வைத்தே பார்த்தோம்.

ராடு போல்ட்டுகளை டார்க் ரென்ச்சை நம்பி விடவில்லை. நீட்சி கேஜ் வைத்து, கம்பெனி தாள் சொல்லும் 0.15 மி.மீ. அளவுக்கு ஒவ்வொன்றும் நீளும்வரை இறுக்கினேன். எட்டும் ஒத்து வந்தன. நான்கு பிஸ்டனும் ஏறிய பிறகு கிராங்கைக் கையால் சுற்றினால் ஒரே கனத்தில், எங்கும் பிடிக்காமல் சுற்றுகிறது.

மாலை தம்பி வந்தார். அளவு நோட்டை முழுதாகப் படமெடுத்துக் கொடுத்தேன். டியூன் பண்ணுகிறவரிடம் அதுவும் போக வேண்டும். முதலில் மினரல் ஆயில், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) குறைவாக, ஆனால் ஐடிலில் நிறுத்தி வைக்காமல் லோடு கொடுத்து ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் உட்காரும் என்று சொன்னேன். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயில் ஃபில்டரைத் தூர எறியாமல் எனக்குக் கொண்டு வர வேண்டும். வெட்டிப் பிரித்து, மடிப்புக்குள் என்ன இரும்பு நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பூஸ்ட்டைக் கூட்டலாமா என்று சொல்வேன்.