சுனௌலி வழியாகச் சாளக்கிராமத்துக்கு

கோரக்பூரில் ரயிலை விட்டிறங்கி யாத்திரை பஸ்ஸில் ஏறியதிலிருந்து அம்மா கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தாள். உள்ளே வாக்காளர் அட்டை. 72 வயதில் முதல்முறையாக வேறு தேசம் போகிறாள். பாஸ்போர்ட் கிடையாது. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், இந்த அட்டையே போதும் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "திருப்பி அனுப்பிட்டா பெருமாளை எப்படிடி சேவிக்கிறது?" என்பாள்.

மூன்று மணி நேரத்தில் எல்லை ஊரான சுனௌலி. சாலையோரம் லாரிகள் வரிசைகட்டி நின்றன. இந்திய பஸ் அந்தப் பக்கம் ஓட 'பன்சார்' என்னும் சுங்கச் சீட்டு வாங்க வேண்டும், நேரமாகும் என்றார் டிரைவர். வெயிலில் உட்கார முடியாமல் நாங்கள் நடந்தே கிளம்பினோம். காய்கறி மூட்டையோடு சைக்கிள்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், ரிக்‌ஷாக்கள் என்று இரண்டு பக்கமும் ஜனங்கள் போய்வந்துகொண்டே இருந்தார்கள். வளைவுக்கு அடியில் நின்ற போலீஸ்காரர் அம்மா நீட்டிய அட்டையை ஒரு பார்வை பார்த்துக் கையசைத்தார். அவ்வளவுதான்.

பத்தடி தள்ளி அம்மா நின்றுவிட்டாள்.

"நம்மாத்துப் பெருமாளும் இந்த வழியாத்தான் வந்திருப்பாரோ?"

எங்கள் கோயிலாழ்வாரில், அதாவது வீட்டுப் பூஜை மாடத்தில், பெருமாளாகவே சேவிக்கும் சாளக்கிராமம் பாட்டி காலத்துக்கும் முந்தையது. கண்டகி நதியில் கிடைத்த கல். யார் கொண்டுவந்தார்கள், எப்படி நடந்தார்கள் என்று சொல்ல வீட்டில் இன்று ஆளில்லை. அம்மா கைகூப்பி, "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்று திருமங்கையாழ்வார் பாசுரத்தை அந்தத் தூசியிலேயே சேவிக்க ஆரம்பித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

நேபாள நேரம் நமக்கு 15 நிமிடம் முன்னே. எல்லோரும் கடிகாரத்தைத் திருத்தினோம். அம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். "அகத்துல உங்கண்ணா பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பிக்கற நேரம் எனக்குத் தெரியணும்."

பொக்காரா வழியாக ஜோம்சோம், அங்கிருந்து முக்திநாத். ஆழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று நாங்கள் சேவிக்கும் பெருமாள் கோயில் இதுதான். சுமார் 3,700 மீட்டர் உயரம். நாலு படிக்கொரு தரம் மூச்சு வாங்கியது. கோயிலில் கொட்டும் 108 நீர்த்தாரைகளிலும் நனைய அம்மாவின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் கையேந்தித் தலையில் தெளித்துக்கொண்டாள். சந்நிதியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதாள்.

இறங்கும்போது காளி கண்டகிக் கரையில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். கரிய மணல் கலந்த தண்ணீர், பனிக்கட்டியாகச் சில்லிட்டது. ஊரிலிருந்து சுமந்துவந்த பித்தளைச் சொம்பை என்னிடம் நீட்டினாள்.

"ரொப்பிக் குடு. அவர் ஊர்த் தீர்த்தத்துல அவருக்குத் திருமஞ்சனம் பண்ணணும்."