எரிவாயுக் கப்பலுக்குப் போக நிக்கிற தம்பிமாருக்கு

"காசைக் கட்டினால் எல்.என்.ஜி (திரவமாக்கின இயற்கை எரிவாயு) கப்பலிலை வேலை" எண்டு ஒரு ஏஜென்சிக்காரன் சொன்னானாம். பருத்தித்துறையிலை ஒரு அம்மா நகையை அடகு வைக்க நிக்கிறா. தயவுசெய்து வேண்டாம். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை எடுத்துத் தாறதுக்கு மாலுமியிட்டைக் கட்டணம் வாங்கவே கூடாது. மெடிக்கல், பாஸ்போர்ட், சீடிசி (மாலுமிப் புத்தகம்) செலவுகளை மட்டும் எங்கடை தலையிலை போடலாம். விசாச் செலவு கப்பல்காரன்ரை.

இருக்கிற காசைப் பயிற்சிக்குப் போடுங்கோ. அந்த வாயு -162 பாகை செல்சியஸ் குளிரிலைதான் திரவமா நிக்கும். ஒழுகிச் சாதாரண உருக்குத் தட்டிலை கொட்டினால், தட்டு கண்ணாடி மாதிரி வெடிச்சுப்போம். அதாலைதான் ஏத்தி இறக்கேக்கை, குழாய் பூட்டுற இடத்துக்குக் கீழை கப்பலின்ரை பக்கம் முழுக்கத் தண்ணி ஓடவிட்டிருப்பினம்.

முதல்லை அடிப்படை காஸ் டாங்கர் கோர்ஸ். மேல்நிலைச் சான்றிதழுக்குக் கோர்ஸ் மட்டும் காணாது. காஸ் கப்பலிலை 3 மாசம் நிண்டிருக்கோணும். இல்லாட்டி ஒரு மாசமாவது நிண்டு, 3 தரம் ஏத்தி 3 தரம் இறக்கியிருக்கோணும். இதுக்குக் குறுக்குவழி விக்கிறவனை நம்பாதேங்கோ.

வல்வெட்டித்துறை அன்னபூரணி எண்ட கப்பல் பாய்விரிச்சு 1938இலை அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஊர் இது. எங்கடை பெடியள் முறையாப் படிச்சுப் போகோணும்.

ஏஜென்சி தந்த கடிதம் கையிலை இருந்தால் இன்பொக்ஸிலை போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.