காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது மழையைப் பற்றித்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்யும், மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு கிடையாது, அன்றைக்கு எடைக் கட்டம் காலி. அதை 0 என்று சேமித்தால் வெட்டியும் பால் வரவில்லை என்று ஆகிவிடும். 20 நாள் வெட்டி 200 கிலோ கொடுத்தவருக்குச் சராசரி 10 கிலோ. மழை நாள் ஐந்துக்கும் 0 விழுந்தால் 8. 'நல்' (NULL, மதிப்பு தெரியாது என்ற குறி) என்று வைத்தால், சராசரி எடுக்கும் ஏவிஜி (AVG) அந்த வரிகளைச் சேர்க்கவே சேர்க்காது.

டிஆர்சி, அதாவது பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, இன்னும் மோசம். எடையோடு அதைப் பெருக்கித்தான் பில். சாம்பிள் காய்ந்து முடிவு வரும்வரை அந்தக் கட்டம் காலிதான், அதில் 0 போனால் விவசாயியின் பில் தொகையே 0. 'நல்' இருந்தால் பெருக்கி வரும் தொகையும் 'நல்', அதாவது இன்னும் தெரியாது, அது உண்மை.

சரி, இந்த 0 எங்கிருந்து வருகிறது? நிரப்பாத பெட்டியை பிரவுசர் வெற்றுச் சரமாக, அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையாக அனுப்புகிறது. டேட்டாபேஸின் எண் பத்தியில் (column) அதைத் திணித்தால் போஸ்ட்கிரஸ் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிடும், மைஎஸ்க்யூஎல்லும் 5.7 முதல் இயல்பாகவே மறுக்கும், ஆனால் தவறான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்து வைத்த சர்வரில் ஓர் எச்சரிக்கையோடு 0 உட்கார்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் வெற்றுச் சரத்தை நம்பர் ஆக்கினாலும் 0 தான், டேட்டாபேஸுக்கு விஷயமே தெரியாது. காலியா என்று பார்க்கும் பிஎச்பியின் எம்ப்டி இதற்கு நேர்மாறு, '0' என்று நிஜமாகவே போட்டதையும் காலி என்று சொல்லும்.

அலைபேசி எண்ணைக் கட்டாயமாக்கவும் கூடாது. போன் இல்லாத பெரியவர்கள் பால் கொண்டு வருகிறார்கள். ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத யூனிக் பத்தியில் முதல் வெற்றுச் சரம் உட்கார்ந்துவிடும், அடுத்தவருக்கு 'ஏற்கெனவே உள்ளது' என்று மறுக்கும், வரிசையில் ஆள் நிற்க, கடைப் பையன் பத்து ஒன்பதைத் தட்டி வேலையை முடிப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் 'நல்' எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்; எஸ்க்யூஎல் சர்வரின் யூனிக் மட்டும் ஒன்றுக்கு மேல் விடாது.

நான் செய்வது இது: எல்லாக் கட்டமும் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகும், முன்பின் இடைவெளியை வெட்டும், மிச்சம் எதுவும் இல்லையென்றால் 'நல்', இருந்தால் மட்டுமே எண்ணாக மாற்றம். அதை பாராமீட்டராகவே, எஸ்க்யூஎல் வாக்கியத்தில் ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்புங்கள், மேற்கோளுக்குள் போட்டால் அது NULL என்ற வெறும் நான்கெழுத்து வார்த்தை. பெயர் போல நிஜமாகவே வேண்டிய பத்திக்கு மட்டும் காலியை ஏற்காத நாட் நல் (NOT NULL). அப்புறம் 'நல்' வரிகளைத் தேடும்போது சமக்குறி உதவாது, ஈஸ் நல் (IS NULL) என்றே கேட்க வேண்டும். ஏன் காலி என்பதும் முக்கியமென்றால் மழை, இலையுதிர்வு, ஆள் வரவில்லை என்று தனிப் பத்தி வையுங்கள், எடைப் பத்தியில் -1 போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.