திரும்பிப் போன தடம்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மகள் என்னை நீலாங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆமை நடை, அதாவது கடலாமை முட்டையிட்ட இடங்களைத் தேடிக் கரையோரம் நடப்பது. மாணவர்கள் 1988-லிருந்து நடத்துகிறார்கள். விடிய விடிய மணலில் நடந்து பெசன்ட் நகர் வரை போக வேண்டும், சுமார் 7 கிலோமீட்டர். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு இது தேவையா என்றேன். "வாப்பா" என்றாள். இரண்டு மாதமாகப் பேச்சே இல்லாத வீட்டில் அந்த ஒரு சொல்லுக்காகவே கிளம்பலாம்.

காரணம் சொல்கிறேன். பொறியியல் முதல் செமஸ்டர் முடிந்ததும் "எனக்கு இது வேண்டாம்" என்று வந்துவிட்டாள். கட்டியது ஒன்றேகால் லட்சம். நான் என்ன பேசியிருப்பேன் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

கடற்கரையில் டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் கரையேற வரும் பங்குனி ஆமை மிரண்டுவிடும். பொரித்து வரும் குஞ்சுகளும் கடல் என்று நினைத்துத் தெருவிளக்கைப் பார்த்துப் போய்விடுமாம். அதனால்தான் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஒரு குழியில் நூறுக்கு மேலேயே இருக்கும்.

பாலவாக்கம் தாண்டியதும் ஒரு செத்த ஆமை. வலையில் சிக்கியிருக்கும் என்றார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கொட்டிவாக்கம் பக்கம் தடம் தெரிந்தது. டிராக்டர் போன மாதிரி, இரண்டடி அகலம். முன்னால் போன பையன் குனிந்து, கம்பால் மெதுவாகக் குத்திப் பார்த்தான். மேலேறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று, நடுவில் அரைகுறையாகத் தோண்டிய பள்ளம். முட்டை இல்லை.

"வந்திருக்கு சார். தோண்டிப் பார்த்திருக்கு. சரிப்படல, போயிடுச்சு."

"இவ்வளவு தூரம் ஊர்ந்து வந்ததெல்லாம் வீண்தானே தம்பி?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "எதுக்கு சார் வீண்? வேற இடம் பார்த்துப் போடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர்கள் மறுபடி எண்ணாமல் இருக்கத் தடத்தைக் காலால் அழித்துக்கொண்டே போனான்.

மகள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சிரித்தாளா என்று பார்க்க டார்ச்சும் இல்லை.

பெசன்ட் நகர் வந்து சேர்ந்தபோது வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். "அடுத்து என்ன பண்ணப் போற?" என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வி வாய் வரை வந்தது. "பன் வேணுமா?" என்று கேட்டேன்.