பிளாக் எத்தனை எச்.பி. தாங்கும்?

போன வாரம் ஒரு ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பிரும்பு உடலை, தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டி, கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் ஏழு மெயின் கேப்பையும் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று காந்தத் தூள் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது மெயின் பேரிங் உட்காரும் இடத்தில், போல்ட் துளையின் அடியிலிருந்து கேம்ஷாஃப்ட் ஓடும் துளையை நோக்கி ஒரு கோடு போயிருந்தது. தலைமுடி அளவுதான். நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆயில் பிரஷர் சரியாக இருந்தது, பேரிங் மாற்றலாம் என்று இறக்கியதால்தான் இது கண்ணில் பட்டது. வண்டிக்காரர் கேட்ட முதல் கேள்வி: "இந்த பிளாக் ஆயிரம் எச்.பி. தாங்கும்னு சொன்னாங்களே அண்ணே, நான் அதுக்குக் கீழதானே ஓட்டினேன்?"

கீழேதான் ஓட்டினார். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பிளாக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதை எத்தனையோ பேருக்கு வாயால் சொல்லிவிட்டேன், இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

டாட்ஜ் ராம் டிரக்கில் 1989-இல் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 102 மில்லிமீட்டர். உள்ளே எரியும்போது உச்ச அழுத்தம் 200 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு) என்று வைத்தால், பிஸ்டன் தலையில் விழும் விசை ஏறக்குறைய 16 டன்னுக்கு மேல். இந்த 16 டன் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, பிஸ்டன் ராடைத் தள்ளுகிறது, ராடு கிராங்கைத் தள்ளுகிறது, கிராங்க் மெயின் கேப்பைக் கீழே பிடுங்கப் பார்க்கிறது. அதே நேரத்தில் அதே 16 டன் மேலே மூடியாக இருக்கிற ஹெட்டையும் தூக்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் இழுபடுவது யார்? பிளாக்தான். 4,000 ஆர்.பி.எம்-மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 33 தடவை இப்படி இழுக்கிறது. வார்ப்பிரும்புக்கு அமுக்கினால் கவலையே இல்லை, இழுத்தால்தான் பலவீனம். அதனால்தான் விரிசல் எப்போதும் போல்ட் துளையின் அடி மாதிரி ஒரு முனையில் பிறக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1,000 எச்.பி.யை 3,500 ஆர்.பி.எம்-மில் எடுத்தால் டார்க் (கிராங்கைத் திருப்பும் விசை) சுமார் 2,035 நியூட்டன் மீட்டர். அதே 1,000 எச்.பி.யை 2,500-இல் எடுத்தால் 2,850-ஐத் தொட்டுவிடும். பவர் அளக்கும் டைனோ தாளில் இரண்டும் ஆயிரம்தான். ஆனால் இரண்டாவது வண்டியில் ஒவ்வொரு எரிப்பும் பிளாக்கை 40 சதவீதம் கூடுதலாக வேலை வாங்குகிறது. அதற்கு மேல் டீசல் தெளிக்கும் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி முன்னே தள்ளிவிட்டால், பிஸ்டன் மேல்முனையை நெருங்கும்போதே அழுத்தம் ஏறிவிடும், இறங்கிப் போக இடம் இல்லாமல் உச்சம் எகிறும். டார்க் கொஞ்சம்தான் கூடும், உச்ச அழுத்தம் நிறையக் கூடும். நம் வண்டிக்காரர் செய்தது இதுதான்: சின்ன டர்போ, பெரிய இன்ஜெக்டர், கீழ் ஆர்.பி.எம்-மிலேயே பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வரவேண்டும் என்று டைமிங் முன்னே. பின்னால் கனமான டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், பிளாக்குக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைப் பலர் யோசிப்பதில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் எஞ்சினில் அழுத்தம் அளவு மீறினால் முதலில் ஹெட் லேசாகத் தூக்கிக்கொடுக்கும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் போகும், கூலன்ட் தொட்டியில் குமிழி வரும். செலவுதான், வயிறு எரியும்தான், ஆனால் வீட்டு ஃபியூஸ் மாதிரி அது மற்றதைக் காப்பாற்றுகிறது. ஃபோர்டின் 6.0 பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில் ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே போல்ட். அதனால் ஹெட் கேஸ்கெட் பேச்சு எடுத்தாலே அந்த எஞ்சின் பெயர் வந்துவிடும். சரி, நாம் என்ன செய்கிறோம்? போல்ட்டுக்குப் பதில் தடித்த ஸ்டட் போடுகிறோம், ஹெட்டில் பள்ளம் வெட்டி, அழுத்தம் கசியாதபடி ஃபயர் ரிங் என்ற உலோக வளையத்தை உட்கார்த்துகிறோம், மேல்பக்கம் இனி அசையாது. அசையாததால் அந்த விசை காணாமல் போய்விடுமா? அழுத்தம் கசிந்து குறைய வழியில்லாமல் முழுதாக மெயின் கேப்பில் விழுகிறது. ஸ்டட் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, நானே போடுகிறேன். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டோம் என்ற நினைப்போடு டியூன் செய்யுங்கள்.

மெயின் ஸ்டட் போடும்போது ஒரு எச்சரிக்கை. பழைய போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட்டை முறுக்கிவிட்டு அப்படியே கிராங்கை வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறுக்கம் மாறினால் கேப் உட்காரும் வடிவமும் மாறும், துளை வட்டமாக இருக்காது. மெயின் துளைகளை ஒரே நேராக, வட்டமாகத் தேய்த்தெடுக்கும் லைன் ஹோன் வேலையைச் செய்யாமல் மூடினால் பிளாக் பலமாகிறதோ இல்லையோ, பேரிங் சீக்கிரமே போய்விடும்.

பிளாக்குக்கு பிளாக் வித்தியாசமும் உண்டு. கம்மின்ஸ் 5.9-இல் பக்கவாட்டில் 53 என்று வார்த்த எண் இருந்தால் அது தண்ணீர் ஓடும் உறையின் சுவர் மெல்லியதாக வந்த வார்ப்பு. பவர் ஏற்றாத வண்டியிலேயே நீளவாக்கில் விரிந்து கூலன்ட் கசிந்த கதைகள் அதற்கு உண்டு. ஆயிரம் எச்.பி. கனவோடு இருப்பவர் அதில் காசைப் போடவேண்டாம். கம்மின்ஸின் 6.7-இல் விட்டம் 107 மில்லிமீட்டர், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒட்டியே வார்க்கப்பட்டவை, அதனால் சுவர் விறைப்பு அதிகம். ஆனால் பிஸ்டன் பரப்பும் பெரிது, அதே 200 பாருக்கு இங்கே 18 டன். ஜி.எம். கம்பெனியின் டியூராமேக்ஸ் வி8 டீசலில் மெயின் கேப்புக்குப் பக்கவாட்டு போல்ட்டும் உண்டு, கேப் ஆடுவது குறைவு. அங்கே பவர் ஏற்றினால் கிராங்க் உடைவதுதான் பெரிய தலைவலி.

என்னை உண்மையிலேயே சந்தோஷப்படுத்துவது இரும்பே மாறியிருப்பது. ஃபோர்டு 2011-இல் 6.7 பவர் ஸ்ட்ரோக்குக்கும், கம்மின்ஸ் 2019-இல் ராமின் 6.7-க்கும் காம்பாக்டட் கிராஃபைட் இரும்பில் பிளாக் வார்த்தன. சாதாரண வார்ப்பிரும்பில் கிராஃபைட் தகடு தகடாகக் கிடக்கும், ஒவ்வொரு தகட்டின் ஓரமும் விரிசலுக்கு ஒரு வாசல். இதில் அது புழு மாதிரி சுருண்டு முனை மழுங்கி இருக்கும். இழுவலிமை முக்கால் பங்குக்குக் குறையாமல் கூடுகிறது, திரும்பத் திரும்ப இழுபடுவதைத் தாங்கும் சக்தி கிட்டத்தட்ட இரட்டிப்பு. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான்.

சிமென்ட் மாதிரி கலவையைத் தண்ணீர் உறையில் ஊற்றி நிரப்புவதைப் பற்றியும் கேட்கிறார்கள். சிலிண்டர் சுவர் ஆடாமல் பிடிக்கும், டிராக்கில் சில நொடி ஓடும் வண்டிக்குச் சரி. தினமும் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம், சூடு எங்கே போகும்? தவிர மெயின் பக்கத்துக்கு அது ஒரு உதவியும் செய்யாது. 2,000 எச்.பி.க்கு மேல் போகிறவர்கள் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பிளாக்குக்குப் போவதற்கு அதுதான் காரணம், மெயின் பக்கத்தையும் வேண்டிய தடிமனில் விடலாம்.

அந்த விரிசல் விட்ட பிளாக்கை ஒட்டவைக்கப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் வெல்டிங்கை நான் நம்பமாட்டேன். வேறொன்று வாங்கி, நேற்று அல்ட்ராசோனிக்கில் ஒவ்வொரு சிலிண்டர் சுவரையும் நான்கு பக்கமும் அளந்தோம். ஐந்தாவது சிலிண்டரில் ஒரு பக்கம் மற்றதைவிட மெல்லிசு, வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் அச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அதனால் சிலிண்டரைப் பெரிதாகக் கடையும் யோசனையை விட்டுவிட்டோம், 0.020 அங்குலத்தோடு நிறுத்தம். டர்போ ஒரு அளவு பெரிதாகிறது, டைமிங் பின்னே வருகிறது, வால்வ் ஸ்பிரிங் மாற்றி ஆர்.பி.எம்-மை மேலே கொண்டுபோகிறோம். "கீழே அந்த இழுவை போயிடுமே" என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. போகத்தான் செய்யும். பழைய மெயின் கேப்பைக் கையில் கொடுத்தேன், அது ஆடியதில் அடியில் உராய்ந்து பளபளத்த தடத்தைப் பார்த்தார், அப்புறம் அவரே டர்போ சைஸ் கேட்டு எழுதிக்கொண்டார்.